கவர்னரின் மடுமண் சத்தியம்

அமெரிக்காக்காரர் ஒருவரின் உள்ளங்கையில் மடு மண்ணை வைத்துச் சத்தியம் வாங்கிய ஆள் இந்த மொன்றியாலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவ்வளவு பெரிய விசரி இங்கே வேறு யாரும் இல்லை. மன்னாரில் பிறந்தவர்களுக்கு மடு மண் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மடு மாதா கோயிலடியில் அள்ளிய மண். பாம்பு கடித்தால் கரைத்துக் குடிப்போம், வீடு கட்டினால் அத்திவாரத்தில் போடுவோம், கடல் கடந்து போனால் துணியில் முடிந்து கொண்டுபோவோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னவனை என் ஐம்பத்தாறு வயதில் நான் கண்டதில்லை. ஆகவே எண்பத்தொன்பது வயதான ஒரு மெதடிஸ்த சபைக்காரரும் சொல்லமாட்டார் என்று நம்பினேன். நம்பினதோடு நிற்காமல், அதை வைத்து இன்னொருவருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

அவர் பெயர் தோண்பெரி. வியட்நாம் சண்டைக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குக் கவர்னராக இருந்தவர். எந்த மாநிலம் என்று சொல்லமாட்டேன். என்னை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி, வீட்டுக்குள் கேட்டதை வெளியே விடமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தது. அந்தத் தாளுக்கு நான் கொடுத்த மரியாதையைப் பிறகு சொல்கிறேன். கவர்னர் மனைவியை இழந்து, தனியாக இருந்து, ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மொன்றியாலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்யில் இருந்த ஒரே மகன் பீற்றர் போய்த் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பீற்றருக்கு ஐம்பத்தேழு வயது. கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மனைவி பிரிந்துபோய்விட்டாள், பிள்ளைகள் இல்லை.

நான் பார்க் எக்ஸ்ரென்சனில் மெற்றோ ஏறி, இரண்டு தரம் மாறி, மஞ்சள் லைனில் ஆற்றுக்குக் கீழால் போய் இறங்கி, காலை எட்டு மணிக்கு அந்த வீட்டுக் கதவைத் திறப்பேன். கவர்னரைக் குளிக்கவைத்து, முகம் வழித்து, கழுத்துப் பட்டி கட்டிவிட வேண்டும். எங்கேயும் போகாத மனிதனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கழுத்துப் பட்டி. பிறகு பேப்பர் வாசித்துக் காட்டவேண்டும். மன்னாரில் கன்னியாஸ்திரிகள் பிரம்பால் அடித்துப் படிப்பித்த என் ஆங்கிலத்தை அவர் மெச்சுவார். பீற்றரோடு மட்டும் அவருக்குப் பேச்சு இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும், உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்ற அளவில் இருந்தார்கள்.

சவரக் கத்தியை எடுத்தால் போதும், கவர்னர் தன் சரித்திரத்தைத் தொடங்கிவிடுவார். தகப்பன் மாட்டுத் தீவனம் விற்றவர். இவர் சட்டம் படித்தார். உலக யுத்தத்தில் இங்கிலாந்தில் ஒரு களஞ்சியத்தில் இருந்து சப்பாத்து அனுப்பினாராம். ஒரு வெடிகூடக் கேட்கவில்லை என்று சிரிப்பார். ஊருக்குத் திரும்பி வக்கீல், பிறகு சட்டசபை, அறுபத்தாறில் கவர்னர், எழுபதில் மறுபடியும் கவர்னர். அவர் பதவியில் இருந்த காலத்தில் அந்த மாநிலத்துப் பெடியன்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வியட்நாமில் செத்தார்கள். ஒவ்வொரு தாய்க்கும் அவர் தன் கையால் கடிதம் எழுதினார். காரியதரிசி தட்டச்சு அடித்துக் கையெழுத்து வாங்கிய கடிதமல்ல. பிள்ளையின் பெயர், அவன் ஓடிய ஓட்டப்போட்டி, அவன் வளர்த்த நாய், எல்லாவற்றையும் விசாரித்து எழுதிய கடிதம். பிரதிகள் அவர் கட்டிலுக்குக் கீழே ஒரு கறுப்புத் தகரப் பெட்டிக்குள் இருந்தன. சவப்பெட்டி வந்திறங்கும்போது மழையென்றாலும் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பாராம்.

அந்தப் பெட்டிதான் என்னை விழுத்தியது. என் மகன் றொஷான் தொண்ணூற்றொன்றில் ஆனையிறவுச் சண்டையில், இயக்கப் போராளியாகச் செத்தான். பத்தொன்பது வயது. எனக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. ஒரு வாகனம் வந்தது, ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள், கண்ணாடி போட்ட படம் ஒன்று தந்தார்கள். என்னைத் தாங்கியது என் அண்ணன் செபமாலை ஒருவர்தான். எங்கள் ஊர்ப் பிரசைகள் குழுவுக்கு அவர் தலைவர். ஆமிக்காரனோடும் பேசுவார், இயக்கத்தோடும் பேசுவார், இரண்டு பக்கமும் அவருக்குக் கதிரை போடுவார்கள். வீட்டுக்கு ஒருவர் வாருங்கள் என்று இயக்கம் கேட்டபோது, கோயில் மண்டபத்தில் ஏறி நின்று சனத்துக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான். அவருடைய மகன் அனுஜனும் என் றொஷானும் ஒரே வகுப்பு. இரண்டு பேரும் சேர்ந்து போவதாகப் பேச்சு. போவதற்கு முதல் நாள் அனுஜன் காணாமல் போனான். மூன்று மாதம் கழித்து மொன்றியாலில் இருக்கிறான் என்று தெரிந்தது. தனக்கும் சொல்லாமல் ஓடிவிட்டான் என்று அண்ணன் நெஞ்சில் அடித்து அழுதார். றொஷானின் நினைவுக் கூட்டத்தில் என் கையைப் பிடித்துத் தூக்கி அவர் சொன்ன வசனம் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது: "ஓடினவனின்ர தகப்பன் நான். நிண்டவனின்ர தாய் இவள்."

அந்த ஒரு வசனத்தில்தான் நான் பதின்மூன்று வருஷம் உயிரோடு இருந்தேன். மகள் ஜென்சி கூப்பிட்டு நான் மொன்றியாலுக்கு வந்து ஏழு வருஷம். அண்ணனையும் அனுஜன் கூப்பிட்டு, சென்ட் லோரன்டில் தன்னோடு வைத்திருந்தான். நான் அந்த வீட்டுக்கு அண்ணனைப் பார்க்கப் போவேன். ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. பூசையில் சமாதானம் சொல்ல எல்லோரும் கை கொடுக்கும்போது அனுஜன் நிற்கிற பக்கம் திரும்பியதில்லை. இந்த ஊரில் இருக்கிற தமிழர் எல்லோரும் ஓடிவந்தவர்கள்தான், நானும்தான். ஆனால் ஓடிவந்தவன் என்ற பட்டத்தை நான் அனுஜன் ஒருவனுக்கு மட்டும் வைத்திருந்தேன்.

2004 ஒக்டோபரில் ஒரு காலை. தொலைக்காட்சியில் அமெரிக்கத் தேர்தல் ஓடிக்கொண்டிருந்தது. யார் வியட்நாமுக்குப் போனவர், யார் போகாமல் தப்பியவர் என்று முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் கிழித்துக்கொண்டிருந்தார்கள். கவர்னர் சவர நுரையோடு சிரிக்கத் தொடங்கினார். கத்தி வெட்டிவிடும் என்று நான் கையை எடுத்தேன்.

பீற்றர் கனடாவுக்கு ஓடியது எனக்கு முன்னமே தெரியும். கவர்னரின் வாழ்க்கையில் அது ஒரு பெரிய அத்தியாயம். அறுபத்தொன்பதில், படிப்பு முடிந்து பட்டாளத்துக்கு அழைப்பு வந்ததும் பீற்றர் எல்லையைக் கடந்தார். கவர்னர் தொலைக்காட்சியில் தோன்றி, எனக்கு இருந்த மகன் எல்லையைக் கடந்த அன்றே செத்துவிட்டான் என்றார். சனம் அழுதது. அடுத்த தேர்தலில் வாக்கை அள்ளிப் போட்டது. ஊர்ப் பட்டியலில் பீற்றருக்கு அடுத்ததாக இருந்தவன் பக்கத்து வீட்டு டெனி. பீற்றர் இல்லாததால் அந்த மாதம் அவனைக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷத்தில் பெட்டியில் வந்தான். அவன் தாய்க்கும் கவர்னர் கடிதம் எழுதினார்.

அன்று காலை அவர் சொன்னது அதற்குப் பின்னால் இருந்த கதை. பீற்றர் ஓடவில்லையாம். கனடாவுக்குப் போகமாட்டேன், டெனியோடு பட்டாளத்துக்கே போகிறேன் என்று நின்றவராம். கவர்னர்தான் இரவல் வாங்கிய தீவன லொறியில் ஏற்றி, தானே ஓட்டி, எல்லையில் இறக்கி, மொன்றியாலில் ஒரு தேவாலய விடுதியின் விலாசத்தைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தாராம். தாய்க்குக்கூடத் தெரியாது. நான் உன்னைத் திட்டுவேன், பொறுத்துக்கொள், தேர்தல் முடிந்ததும் உண்மையைச் சொல்லுவேன் என்று வாக்குக் கொடுத்தாராம். தேர்தல் முடிந்து முப்பத்துநான்கு வருஷம் ஆகிறது.

என் கையில் இருந்த கத்தியைக் கழுவி வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய், இது மெய்யா என்று பீற்றரைக் கேட்டேன்.  அவர் மேசை இலாச்சியைத் திறந்து நான்கு கடித உறைகளைக் காட்டினார். டெனியின் தாய் மிஸிஸ் ஹாலுக்கு அவர் எழுதியவை. ஒவ்வொன்றும் உடைக்கப்படாமல், மூன்று கிழமைக்குள், "அனுப்பியவருக்கே" என்று நீல மையில் எழுதித் திரும்பி வந்திருந்தன. தன் தாயின் செத்த வீட்டுக்குப் பீற்றர் போனபோது அந்த மனுஷி எல்லோர் முன்னாலும் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததாம். இப்போது தொண்ணூறு வயது. அவள் சாகும் முன் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பீற்றருக்கு வாழ்க்கையில் மிச்சம் இருந்த ஆசை அது ஒன்றுதான். நீங்களே ஊருக்குச் சொன்னால் என்ன என்று கேட்டேன். நான் சொன்னால் அது கோழை சொல்லும் சாட்டு, அவர் வாயால்தான் வரவேண்டும் என்றார்.

வாய்ப்பும் தானாக வந்து கதவைத் தட்டியது. அந்த மாநிலத்தின் வரலாற்றுச் சங்கம் ஒன்று, பழைய கவர்னரின் வாழ்க்கையைப் படம்பிடித்து வைக்க நவம்பரில் ஆள் அனுப்புவதாக எழுதியிருந்தது. அந்தப் படம் அங்கே தொலைக்காட்சியிலும் போகும். நான் கவர்னரைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நாள் விடவில்லை. தாய்மாருக்குக் கடிதம் எழுதிய கைக்கு இன்னும் ஒரு கடன் இருக்கிறது என்றேன். கடைசியில் ஓம் என்றார். வாயால் ஓம் சொல்வதை நான் நம்பவில்லை. அடுத்த நாள் என் சுவாமிப் படத்தடியில் இருந்த மண் முடிச்சைக் கொண்டுபோனேன். என்ன ஏது என்று விளக்கி, ஒரு சிட்டிகையை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தேன். அவர் கேட்காமலே வலது கையை உயர்த்தி, தன் முழுப் பெயரையும் சொல்லி, பதவி ஏற்கும்போது சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சத்தியம் செய்தார்.  நான் ஓடிப்போய்ப் பீற்றரிடம், உங்கள் அப்பா சொல்லுவார், அதற்கு நான் பொறுப்பு என்றேன்.

பீற்றர் புதுச் சேட்டு வாங்கினார். வீடு முழுக்கத் தூசு தட்டினார். ஒருநாள் அவர் வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஜன்னல் துடைப்பதைப் பார்த்தேன்.

படம் எடுக்கும் நாள் காலையில் கவர்னரின் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணினேன். வெள்ளைச் சேட்டு அயன் பண்ணும்போதெல்லாம் எனக்கு றொஷானின் ஞாபகம்தான். அவனிடம் ஒரே ஒரு நல்ல வெள்ளைச் சேட்டு இருந்தது. உறுதிபூசுதலுக்குத் தைத்தது, கொலருக்கு உள்ளே சிவப்பு நூலால் அவன் பெயரின் முதல் எழுத்தைத் தைத்திருந்தேன். அதை அண்ணன் ஒருநாள் வந்து, அனுஜனுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்கவேண்டும் என்று கேட்டு வாங்கினார். நானே அயன் பண்ணி, பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். அடுத்த கிழமை அனுஜன் ஓடிவிட்டான், சேட்டும் திரும்பி வரவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அவனைத் திட்டியிருந்தேன்.

பத்து மணிக்கு ஒரு இளம் பெண்ணும் கமராக்காரரும் வந்தார்கள். கவர்னர் இரண்டு மணி நேரம் பேசினார். தீவனக் கடை, சப்பாத்துக் களஞ்சியம், தேர்தல், கடிதங்கள். ஒரு இடத்தில் அந்தப் பெண் கண்ணைத் துடைத்தாள். நான் அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றேன். பீற்றர் கோப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றார். அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டு மகனைப் பற்றிக் கேட்டாள். கவர்னர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார்.

"என் மாநிலத்து மற்றப் பிள்ளைகள் போன இடத்துக்கு என் மகன் போகவில்லை. அது எனக்கு ஆறாத காயம். ஆனால் ஒரு கிறிஸ்தவனாக, ஒரு தகப்பனாக, நான் அவனை மன்னித்துவிட்டேன்."

 பீற்றர் கையில் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கமராவுக்கு முன்னால் போய், ஐயா, நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள், மண்ணை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் துளி வெட்கம் இருக்கவேண்டுமே. அந்தப் பெண்ணிடம் திரும்பிச் சிரித்தார்.

"றோஸ்மேரி தங்கமான மனுஷி. ஆங்கிலம்தான் அவளுக்குக் கொஞ்சம் கஷ்டம்."

ஒரு வருஷமாக அவருக்குப் பேப்பர் வாசித்தவள் நான். கமராக்காரர் பணிவாக என்னை விலகச் சொன்னார். நான் விலகினேன்.

அவர்கள் போனபின் பீற்றர் கோப்பைகளைக் கழுவினார். சுத்தமாக இருந்தவற்றையும் மறுபடி கழுவினார். என்னைப் பார்த்து ஒரு குறையும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் கவர்னரிடம் போய், ஏன் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை, களைத்துப்போன குரலில் நிதானமாகச் சொன்னார். அறுநூற்றுப் பன்னிரண்டு தாய்மார். அதில் எத்தனையோ பேர் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். தன் பிள்ளையை ஒளித்துவிட்டு எழுதிய கடிதம் என்று தெரிந்தால் அவர்கள் சுவரில் என்ன மிஞ்சும்? பீற்றர் ஒருவன், அவன் தாங்குவான். அப்படியென்றால் ஏன் சத்தியம் செய்தீர்கள் என்றேன். நீ அவ்வளவு ஆசையாகக் கேட்டாய், இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை என்றார். அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மண் எங்கே என்று தேடினேன். குளிசைப் போத்தல்களுக்கு நடுவில், பேப்பர் கைத்துண்டு ஒன்றில் மடித்து வைத்திருந்தார். எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

மஞ்சள் லைன் ஆற்றுக்குக் கீழே இறங்கும்போது எனக்கு அந்த வெள்ளைச் சேட்டு மறுபடி வந்தது. அடையாள அட்டை அனுஜனுக்குப் பதினாறு வயதிலேயே வந்துவிட்டதே. றொஷானும் அவனும் ஒன்றாகப் போய் எடுத்த அட்டைகள், என் வீட்டுத் தட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேனே. பதினெட்டு வயதில் அவனுக்கு எந்தப் படம்? வந்து கேட்டது அனுஜன் இல்லை, அண்ணன். தகப்பனுக்குத் தெரியாமல் ஓடியவனுக்குத் தகப்பன் ஏன் சேட்டு இரவல் வாங்கினார்? பதினான்கு வருஷமாக இந்தக் கேள்வி என் அயன் பெட்டிக்குக் கீழேயே கிடந்திருக்கிறது. நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வசனத்தை இழந்திருப்பேன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே சென்ட் லோரன்டுக்கு பஸ் எடுத்தேன். பின்னேரம் ஐந்து மணி இருக்கும். அனுஜன் விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை முடித்து அப்போதுதான் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வயது, தலை பாதி நரைத்துவிட்டது. அண்ணன் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். நான் குளிர் அங்கியைக் கழற்றாமலே கேட்டேன்.

"அந்தச் சேட்டு எங்க அண்ணை?"

எந்தச் சேட்டு என்றார்.

"றொஷானின்ர வெள்ளைச் சேட்டு. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க எண்டு நீங்கள் வந்து வாங்கினது."

அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அனுஜன் வந்து அதை நிற்பாட்டினான். "பாஸ்போட் படம் மாமி," என்றான். "அப்பாதான் என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய் பிளேன் ஏத்தினவர். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு சிலுவையில சத்தியம் வாங்கினவர். நான் சத்தியத்தைக் காப்பாத்திப்போட்டன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் மறுப்பார், குறைந்தது கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கவர்னரைப் போலவே, சபையில் ஒரு தீர்மானத்தை விளக்குவதுபோல் பேசினார்.

"ரெண்டு பேரையும் அனுப்பியிருக்கலாம்தான், றோசு. இவனும் கேட்டவன், றொஷானையும் கூட்டிக்கொண்டு போறன் எண்டு. ரெண்டு பேரும் போனா நான் சனத்துக்கு முன்னால எந்த முகத்தோட நிக்கிறது? ஊரைக் கூப்பிட்டது நான். எங்கட குடும்பத்தில ஒருத்தர் எண்டாலும் நிக்கவேணும் எண்டு நினைச்சன்."

நிண்டவனின்ர தாய் இவள். என் மகன் நிற்கவில்லை. அவனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிளேனில் அனுஜனுக்குப் பக்கத்தில் அவனுக்கும் இடம் இருந்தது. என் கூடப் பிறந்தவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, என் பிள்ளையைத் தன் மேடைக்கு முட்டாகக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு என் கையையும் பிடித்துத் தூக்கிச் சனத்துக்குக் காட்டியிருக்கிறார். அந்தக் கையால் நான் அவருக்கு எத்தனை தரம் மீன் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.  கதிரையில் இருந்துவிட்டேன்.

"தண்ணி தா," என்றேன் அனுஜனிடம்.

ஏழு வருஷத்தில் முதல் தரம். அவன் கிளாசை இரண்டு தரம் கழுவி, விளிம்புவரை நிரப்பிக் கொண்டுவந்தான். முழுவதையும் குடித்தேன். பிறகு, உனக்கு இங்கிலிசில் வடிவாய் எழுத வரும்தானே, ஒரு பேனையும் கடதாசியும் எடு என்றேன். சமையல் மேசையில் இருந்து நான் சொல்ல அவன் எழுதினான். மிஸிஸ் ஹாலுக்கு, என் பெயர் றோஸ்மேரி, என்று தொடங்கினேன். என் மகனும் ஒரு சண்டையில் செத்தான், அவனோடு போகவேண்டியவனை அவன் தகப்பன் ஒளித்து அனுப்பினார், இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும் என்றேன். உங்கள் டெனியோடு போகவேண்டிய பீற்றரையும் தகப்பன்தான் தன் கையால் லொறி ஓட்டிக் கொண்டுபோய் எல்லையில் விட்டவர், பீற்றர் போகமாட்டேன் என்று நின்றவர், கவர்னர் தன் வாயால் எனக்குச் சொன்னது இது என்றேன். அந்த இடத்தில் அனுஜன் பேனையை வைத்துவிட்டு மூக்கைச் சீறினான். பிறகு எழுதினான்.

அண்ணன் வாசலில் வந்து நின்று, தொண்ணூறு வயதுக் கிழவிக்கு இப்போது இதெல்லாம் எதற்கு, நிம்மதியாகச் சாக விடு என்றார்.

"தெரியாமச் சாகிறது நிம்மதி இல்லை அண்ணை," என்றேன். "அது உங்கள் ரெண்டு பேருக்கும்தான் நிம்மதி."

யார் இரண்டு பேர் என்று அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை. மிஸிஸ் ஹாலின் விலாசம், பீற்றர் காட்டிய உறைகளில் பார்த்தது, எனக்கு மனப்பாடமாக இருந்தது. அனுப்புபவர் இடத்தில் பீற்றரின் பெயரைப் போடாமல் என் பெயரையும் என் விலாசத்தையும் போட்டேன். அனுஜன் பீற்றர் வீட்டு விலாசத்தைக் கடிதத்தின் அடியில் எழுதினான்.

அடுத்த நாள் ஏஜென்சிக்குப் போன் எடுத்து, நீங்கள் கையெழுத்து வாங்கிய தாளை நான் மீறிவிட்டேன், இனி வரமாட்டேன் என்றேன். பீற்றருக்கும் சொன்னேன்.  இந்த முறையும் திரும்பித்தான் வரும் என்றார். நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று கிழமை போனது. ஒவ்வொரு நாளும் தபால் பெட்டிக்குள் நீல மையைத் தேடினேன். நத்தார்ப் பண்டிகை வந்து போனது. கடிதம் திரும்பி வரவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது பீற்றரின் போன். மிஸிஸ் ஹாலிடமிருந்து ஒரு பெரிய உறை வந்திருக்கிறது, ஆனால் தனக்கில்லை, தகப்பனின் பெயருக்கு என்றார். அவருக்கு முன்னால் வைத்தே உடைத்தாராம். உள்ளே ஒரு வரிகூட இல்லை. எழுபதாம் ஆண்டு கவர்னர் தன் கையால் அவளுக்கு எழுதிய கடிதம் மட்டும் இருந்ததாம். சட்டத்திலிருந்து கழற்றிய கடிதம். நாலு ஓரமும் வெள்ளை, நடுவெல்லாம் பழுப்பு. கவர்னர் அதைப் பார்த்துவிட்டு, தகரப் பெட்டிக்குள் பிரதியோடு சேர்த்து வைக்கச் சொன்னாராம்.

வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"இல்லை," என்றார் பீற்றர். "அவர் முகம் வழிக்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்."